வட்டியூர்க்காவு மாடியறையில் ஒரு பந்தயக் கார்

அக்கா வீட்டு மாடியறை மேசையின் விளிம்பில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. கல்யாணமான புதிதில் அத்தான் பார்த்துப் பார்த்து வாங்கிய தேக்கு மேசை. ஸ்டியரிங் சக்கரத்தை மேசையோடு பிடித்து நிறுத்தும் இடுக்கிகள் மாதக்கணக்கில் கடித்த கடியில் பாலிஷ் போய் மரம் வெளுத்திருக்கிறது. விரலை வைத்தால் நகம் அளவுக்கு உள்ளே இறங்குகிறது. அந்த மேசையில்தான் என் மருமகன் தன் முதல் பந்தயப் பருவத்தை ஓட்டி முடித்தான்.

அவனுக்கு வயது 16. அவனோடு வகுப்புத் தோழன் ஒருவன், நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை மகள், ஆக மூன்று பேர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான எட்டுச் சுற்று இணையப் பந்தயத் தொடர் ஒன்றில் ஒரே அணியாகப் பெயர் கொடுத்தார்கள். மூவரும் மூன்று வீட்டில் இருந்தபடி ஒரே காரை முறை வைத்து ஓட்ட வேண்டும். ஓணம் கழிந்து தொடங்கிய பருவம் பொங்கலுக்கு முடிந்தது. முதல் ஐந்து சுற்றில் இவர்கள் கார் கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு தடவை.

கம்ப்யூட்டர் விளையாட்டில் தோற்றதற்கு இவ்வளவு வருத்தமா என்று வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சிம் ரேசிங் என்கிற இந்த எந்திரத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ராக்கெட்டுக்குத் திசை சொல்லும் கருவிகளைச் செய்கிற இஸ்ரோவின் ஐ.ஐ.எஸ்.யு. நிலையம் இதே வட்டியூர்க்காவில்தான் இருக்கிறது. தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். ராக்கெட் கிளம்புவதற்கு வெகு முன்பே, அதை வழிநடத்தும் கணினியைத் தரையில் வைத்துப் பறக்கவிட்டுப் பார்க்கும் ஊர் இது. காற்று எப்படி அடிக்கும், எரிபொருள் தீரத் தீர எடை எப்படிக் குறையும் என்று இன்னொரு கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை நிஜமான பறத்தல் என்று நம்பி ராக்கெட்டின் கணினி கட்டளை கொடுக்கும். அந்தக் கட்டளை திரும்பக் கணக்குக்குள் போய் அடுத்த நொடியை மாற்றும். உலகம் பொய், அதற்கு நடுவே மாட்டிய பாகம் மட்டும் நிஜம். பாகம் எங்கே தடுமாறுகிறது என்பதைத் தரையிலேயே கண்டுபிடிக்கத்தான் இத்தனையும்.

சிம் ரேசிங்கும் இதே வளையம்தான். இங்கே நடுவில் மாட்டியிருக்கும் நிஜப் பாகம் மனிதன். கார், தார், காற்று எல்லாம் கணக்கு. கை, கால், கண், பதற்றம் மட்டும் அசல். சோதிக்கப்படுவது அவைதான்.

மனிதனை இப்படி வளையத்துக்குள் வைக்கும் யோசனை கம்ப்யூட்டருக்கு மூத்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். நம் ஆர்மோனியத்தின் முதுகில் கையால் அமுக்குகிறோமே, அந்தத் துருத்தியின் பெரிய அண்ணன் ஆர்கனில் இருக்கும். லிங்க் அந்தத் துருத்திகளின் மேல் ஒரு சிறிய விமானக் கூண்டை ஏற்றி 1929ல் பயிற்சி எந்திரம் ஒன்றை உருவாக்கினார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சாய்த்தால் துருத்தி காற்றை இழுத்துக் கூண்டைச் சாய்க்கும். ஆரம்பத்தில் பொருட்காட்சிகளில் வேடிக்கைக்குத்தான் விலைபோனது. 1934ல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் வேலையை ஏற்றபோது, மோசமான வானிலையில் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாத விமானிகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கிடம் ஆறு எந்திரங்கள் வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகள் லட்சக்கணக்கில் அந்தக் கூண்டில் பழகியவர்கள்.

இனி மேசைக்கு வருவோம். சிம் ரேசிங்குக்கு அடிப்படையாக வேண்டியவை ஸ்டியரிங், பெடல், திரை, கணினி, இணைய இணைப்பு. முதல் மூன்றும் சரியாக அமைந்த ஒரு தொகுப்பை ‘ரிக்’ என்பார்கள். வசதியானவர்கள் அலுமினியச் சட்டத்தில் நிஜ பந்தய இருக்கையைப் பூட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டு மேசையும் சாப்பாட்டு நாற்காலியும்தான்.

இதில் ஸ்டியரிங்தான் உயிர். அதற்குள் ஒரு மின் மோட்டார் இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது எதிர்த்து இழுக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைக் கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கணக்கிட்டு அனுப்புகிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது இதைத்தான். அந்த இழுப்பில் என்ன செய்தி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டயருக்குக் கீழே போக வேண்டும்.

டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அகலம்தான். கார் வளைவில் திரும்பும்போது அந்த உள்ளங்கை அளவு ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய ரப்பர் நேராகப் பார்க்கும். அந்த முயற்சிதான் ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுக்கிறது. வேகம் கூடக்கூட, வளைவு இறுக இறுக, கையில் கனம் ஏறும். ஆனால் டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே, தரையைத் தொடும் பரப்பின் பின்பாதி வழுக்கத் தொடங்கிவிடுகிறது. பக்கவாட்டுப் பிடி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கின் கனமோ இறங்க ஆரம்பித்திருக்கும். அந்த இறக்கம்தான் எச்சரிக்கை. கார் இன்னும் தடத்தில் இருக்கிறது, திரையில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் கை லேசாகிவிட்டது. தேர்ந்தவர்கள் அந்தக் கணத்தில் ஒரு மயிரிழை தளர்த்துவார்கள். புதியவர்கள் கார் திரும்பவில்லையே என்று இன்னும் திருப்புவார்கள். அதோடு கதை முடிந்தது.

மூன்றாவது வாரம் வரை மருமகன் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்திருந்தான். நாகர்கோவில்காரிதான் ஹெட்செட்டில் அதட்டினாள். “விரலை விடுல. சாவியப் பிடிக்கிற மாதிரிப் பிடி. அப்பத்தான் தெரியும்.” அவன் பிடியைத் தளர்த்தி ஒரு சுற்று ஓட்டினான். இரண்டாவது வளைவில் திடீரென்று, “மாமா, வீல் லேசாப் போச்சு! நான் பாக்கதுக்கு முன்னாலயே போச்சு!” என்றான். வாரக்கணக்காகக் கைக்குள் வந்துகொண்டிருந்த செய்தியை அன்றுதான் அவன் வாசித்தான். அந்தப் பருவத்திலேயே நான் பார்த்த மிக அழகான காட்சி அது. அதற்குக் கோப்பையோ புள்ளியோ கிடையாது.

இந்தச் செய்தி எவ்வளவு தெளிவாக வரும் என்பது மோட்டாரைப் பொறுத்தது. சுமார் 30 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆரம்பநிலை ஸ்டியரிங்கில் சிறிய மோட்டாரின் விசையைப் பல்சக்கரங்கள் பெருக்கிக் கொடுக்கின்றன. மொத்த முறுக்குவிசை 2 நியூட்டன் மீட்டர் சொச்சம். ஓர் அடி நீள ஸ்பானரின் நுனியில் முக்கால் கிலோ தொங்கவிட்டது மாதிரி. பல்சக்கரங்களின் கரகரப்பு டயரின் நுண்ணிய அதிர்வுகளை விழுங்கிவிடும். விலை கூடியவற்றில் சக்கரத்தை மோட்டாரின் அச்சிலேயே நேராகப் பூட்டிவிடுகிறார்கள். டைரக்ட் டிரைவ் என்று பெயர். 8, 12, 20 நியூட்டன் மீட்டர் என்று போகும். இருபதில் கவனமில்லாமல் மோதினால் கட்டைவிரல் சுளுக்கிக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் மூவரிடமும் இருந்தது பழைய பல்சக்கர வகை. அதில் ஒன்று கைமாறி வந்தது.

பிரேக் பெடலில் இருக்கும் வித்தியாசத்தை அநேகம்பேர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் ஸ்டியரிங்கைவிட இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மலிவான பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கிறது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் திருகுக்குள் இருப்பதே இதற்குள்ளும் இருக்கிறது. நல்ல பெடலோ எவ்வளவு அழுத்தினோம் என்று அளக்கிறது. இதற்குள் இருக்கும் லோட் செல் மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் இருப்பதே. அழுத்தத்தில் ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைய, அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. நம் காலுக்குத் தூரம் நினைவிருக்காது, அழுத்தம் நினைவிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைச் சரியாக மூன்று சென்டிமீட்டர் இறக்குங்கள் பார்ப்போம். முடியாது. ஆனால் நேற்றுப் போட்ட அதே அழுத்தத்தை இன்றும் போடச் சொன்னால் கிட்டத்தட்டப் போட்டுவிடுவீர்கள். நிஜக் காரின் பிரேக்கும் அழுத்தத்துக்குத்தான் அடங்குகிறது.

முதல் சுற்றில் இவர்கள் முதல் வளைவைத் தாண்டவில்லை. ஓட்டியது சிறிய இரண்டு இருக்கைக் காரான மஸ்டா எம்எக்ஸ்-5. மருமகன் அந்த வளைவை இருநூறு தடவையாவது தனியாக ஓட்டிப் பழகியிருந்தான். நூறு மீட்டர் பலகையில் பிரேக், வளைவுக்குள் 80 கிலோமீட்டர் வேகம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அன்று அவனுக்கு முன்னால் பத்துக் கார்கள் போயின. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் வருபவனுக்குக் காற்றின் தடை குறையும். தனியாக ஓட்டினால் மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்துசேரும் கார், அன்று 190ல் வந்தது. பத்துக் கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பிரேக் அழிக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கணக்குப் போட்டால், முன்பு 100 மீட்டரில் அடங்கிய கார் இப்போது 114 மீட்டர் கேட்கும். அந்த 14 மீட்டர் என்பது மூன்றரைக் கார் நீளம். மூன்று கார்களை அடித்துவிட்டுத்தான் அவன் நின்றான்.

இந்த உலகத்தில் அதற்கும் கணக்கு உண்டு. 2008ல் தொடங்கிய ஐரேசிங் என்ற அமெரிக்க மென்பொருள் இதில் ஒரு முறையை நிலைநாட்டியது. தடத்தை விட்டு வெளியே போனால் 1 ‘இன்சிடென்ட்’ புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் 4. யார் தப்பு என்று கேட்பதில்லை, இடித்தவனுக்கும் இடிபட்டவனுக்கும் புள்ளி விழும். இவர்கள் ஓடிய தொடரில் 17 வந்தால் வெளியேற்றம். பிள்ளைகளுக்கு இது அநியாயமாகப் பட்டது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. போகப்போக, யாராவது வந்து இடிக்கக்கூடிய இடத்தில் நிற்காமல் இருப்பதும் ஓட்டுநரின் வேலை என்று அந்த முறை சொல்வது புரிந்தது. நம் சாலைகளில் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் ஒவ்வொருவருக்கும் திறந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சும்.

இரண்டாவது சுற்றுக்கு முன் அங்குல டேப்பை எடுத்துத் திரையை அளந்தோம். இது எளிய விஷயம், ஆனால் புதியவர்களில் முக்கால்வாசிப் பேர் தவறவிடுவது. திரை ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால் வெளியே அகலமாகத் தெரியும், விலகி நின்றால் குறுகலாகத் தெரியும். 60 சென்டிமீட்டர் அகலத் திரைக்கு முன்னால் 70 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் கண்ணுக்குள் விழ வேண்டிய கோணம் 46 பாகை. மென்பொருளில் மருமகன் 75 வைத்திருந்தான், வேகம் அதிகமாகத் தெரியும் என்பதற்காக. அதனால் எல்லாம் சுருங்கி, வளைவுகள் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் தெரிந்துகொண்டிருந்தன. சரியாக மாற்றியதும் கார் நத்தையாக ஊர்வதுபோல் அவனுக்குத் தோன்றியது. ஆனால் சுற்று நேரம் குறைந்தது.

மூன்றாவது சுற்று துலா மாதத்து மாலை. இங்கே அந்த மாதம் வெயில் சாயச் சாய இடி மின்னலோடு மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மின்னல் ஒரு வெட்டு வெட்டியது, கரண்ட் போனது. இன்வெர்ட்டர் உடனே வேலை செய்தது, விளக்கு சிமிட்டக்கூட இல்லை. கணினி மட்டும் செத்துப்போனது. மின்விசிறியும் விளக்கும் பொருட்படுத்தாத அந்த மாறுகிற இமைப்பொழுதைச் சில கணினிகள் தாங்குவதில்லை. அதைத் தாங்கவைக்கத் தனியாக யு.பி.எஸ். வேண்டும். ஒன்பதாம் இடத்தில் போய்க்கொண்டிருந்த கார் திரையில் இருந்து மறைந்தது. கழக்கூட்டத்தில் இருந்த தோழன் போனில் கேட்ட முதல் கேள்வி, “எடா, நீ எவிட?”

நான்காவதில் இணையம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள பாதகம் இது. அந்தச் சுற்றின் சர்வர் ஜெர்மனியில் இருந்தது. திருவனந்தபுரத்தில் இருந்து ஃபிராங்ஃபர்ட் நேர்கோட்டில் 7,500 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எனவே எவ்வளவு பணம் கட்டினாலும் போய்வர 75 மில்லிநொடிக்குக் குறையாது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. சுற்றி வளைத்து 150 மில்லிநொடி என்று வையுங்கள். மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் ஏழரை மீட்டர் நகர்ந்திருக்கும். கிட்டத்தட்ட இரண்டு கார் நீளம். அப்படியானால் பக்கத்துக் காரை எப்படித் திரையில் காட்டுகிறார்கள்? ஊகித்து. கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை ஆகியவற்றைக் கொண்டு ‘இப்போது இங்கே இருக்கும்’ என்று உங்கள் கணினி அதை வரைகிறது. நேர்ச்சாலையில் ஊகம் பலிக்கும். இருவரும் ஒரே வளைவுக்குள் பிரேக் அடிக்கும்போது பிசகும். உங்கள் திரையில் ஒரு முழ இடைவெளி, அவர் திரையில் மோதல். தங்கை மகள் அன்று யாரையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தாள். பதிவைப் போட்டுப் பார்த்தோம். அவள் திரையில் நிஜமாகவே தொடவில்லை.

இது பெரியவர்களையும் விடவில்லை. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில், அப்போது இரண்டு தடவை உலகச் சாம்பியனாகியிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னணியில் இருந்தபோது இணைப்பு அறுந்து, கடைசியில் விலகிக்கொள்ள வேண்டி வந்தது. இந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் காட்டினேன். அவர்களுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு முன் வைஃபையை விட்டுவிட்டு மாடிப்படி வழியாகக் கேபிள் இழுத்தார்கள்.

இப்படிக் கற்றது நிஜத் தடத்துக்கு உதவுமா என்று கேட்கலாம். உதவியிருக்கிறது. நிசானும் சோனியும் சேர்ந்து 2008ல் தொடங்கிய ஜிடி அகாடமி, கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் வென்றவர்களை நிஜக் காரில் ஏற்றியது. 2011ல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ் இளைஞர், 2013ல் நிஜமான லெமானில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். நம் ஊரில் இதன் தேவை இன்னும் கூடுதல். 18 வயது ஆகாமல் சாலையில் கார் ஓட்ட முடியாது. திருவனந்தபுரத்துப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்பெற்ற பந்தயத்தடம் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 400 கிலோமீட்டர். அடுத்தது சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, இன்னும் தூரம்.

கேரளத்தின் பெயரில் ஓர் அணி நிஜப் பந்தயத்துக்கு வந்ததும் சிரமமான முதல் பருவத்தில்தான். 2022 நவம்பரில் ஹைதராபாத் ஹுசைன் சாகர் ஏரிக்கரைச் சாலையில் இந்தியன் ரேசிங் லீக் தொடங்கியது. எல்லோருக்கும் புதிய தெருத் தடம். விபத்துகளும் தாமதமும் சேர்ந்து அந்த முதல் வார இறுதியில் லீக் பந்தயமே நடக்காமல் போனது. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், டிசம்பரில் மறுபடி ஹைதராபாத் வந்து முடித்தார்கள். அந்த ஆண்டின் அணிப் பட்டம் காட்ஸ்பீட் கொச்சிக்குக் கிடைத்தது.

சிம் தராதது ஒன்று உண்டு, உடம்பின் மேல் விழும் விசை. பிரேக் அடித்தால் மார்பில் பெல்ட் இறுகாது, வளைவில் கழுத்து சாயாது. நிஜ ஓட்டுநர் இடுப்பால் உணர்வதைச் சிம் ஓட்டுநர் கையால் மட்டும் உணர வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஃபார்முலா 1 அணிகள் ஆறு கால்களில் நின்று எல்லாத் திசையிலும் ஆடும் மேடைகளை வாங்கின. அந்த மேடையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நொடிக்குச் சுமார் 3 பாகைக்குக் குறைவாக மெல்லச் சாய்த்தால் நம் உள்காதுக்குச் சாய்வது தெரியாது. திரையில் கார் பிரேக் அடிக்கும்போது இருக்கையை அப்படி முன்னால் சாய்த்தால், புவியீர்ப்பு பெல்ட்டை நோக்கித் தள்ளுவதை மூளை பிரேக்கின் தள்ளலாக எடுத்துக்கொள்ளும். இந்த ஆறுகால் மேடையை 1950களில் வடிவமைத்த எரிக் கஃப், டன்லப் கம்பெனிக்காரர். எதற்குச் செய்தார் தெரியுமா? டயரைச் சோதிக்க.

கடைசிச் சுற்று பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை. 22 கார்கள். தோழன் தொடங்கினான், நாகர்கோவில்காரி நடுவில் ஓட்டினாள், கடைசி அரை மணி நேரம் மருமகன். ஐந்தாம் சுற்றில் கோட்டுக்கு அரைச் சுற்று முன்னால் பெட்ரோல் தீர்ந்துபோன அனுபவம் இருந்ததால், அவள் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருளைக் கையால் எழுதி வாசித்துக்கொண்டே இருந்தாள். ஏழு சுற்று மிச்சம் இருக்கையில் முன்னால் ஒரு கார். மூன்று தடவை நெருங்கி மூன்று தடவையும் வேண்டுமென்றே முன்கூட்டிப் பிரேக் அடித்தான். நான்காவது தடவை அந்தக் கார்க்காரர் கோட்டை விட்டு வெளியே போக, இவன் உள்ளே நுழைந்தான். கைகள் தளர்வாக இருந்ததை நான் பார்த்தேன். 11ஆம் இடம். மொத்தமும் 5 இன்சிடென்ட் புள்ளி.

“மாமா, எத்தனை இன்சிடென்ட்னு சரியாப் பாத்தீங்களா?” என்று ஹெட்செட்டுக்குள் இருந்து அவள் குரல் கேட்டது.

“அஞ்சுதான் மக்களே.”

அடுத்த பருவத்துக்கான பதிவு மார்ச்சில். இடுக்கிக்கு அடியில் வைக்க அத்தான் பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி வைத்திருக்கிறார்.